அளவோடு இடுவோம்: வீட்டுத் தோட்டமும் கனிமச் சத்துகளும்



வல்ல அல்லாஹ் வானத்தை உயர்த்தியதைக் கூறும்போதே தராசையும் நிலைநாட்டியதாகச் சூரா அர்ரஹ்மானில் கூறுகின்றான். அந்தத் தராசில் வரம்பு மீறாதீர்கள் என்றும் எச்சரிக்கின்றான். கடைவீதியில் எடை குறைத்து விற்பவரை நோக்கிய எச்சரிக்கையாகவே நாம் இதனைப் பெரும்பாலும் நினைவுகூர்கின்றோம். அல்லாஹ் அமைத்த சமநிலை கடைவீதியோடு முடிந்துவிடுவதில்லை. நம் கொல்லைப்புறத்து மண்ணிலும் அது இருக்கின்றது. அங்கும் நாம் கூட்டியும் குறைத்தும் வரம்பு மீறக்கூடியவர்களாகவே இருக்கின்றோம்.

அண்மைக் காலமாக நம் வீடுகளில் தோட்டம் வளர்க்கும் ஆர்வம் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. மாடியில் பைகளிலும் தொட்டிகளிலும் கத்தரியும் தக்காளியும், கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வளர்கின்றன. அதனுடன் சேர்ந்து எப்சம் உப்பு, ஜிப்சம், டோலமைட், பாறைப் பாஸ்பேட், போராக்ஸ், நுண்ணூட்டக் கலவை எனப் பலவகைப் பொட்டலங்களும் வீட்டுக்குள் வந்துவிட்டன. கைப்பேசியில் காணும் ஒரு காணொளி முட்டையோட்டுத் தூள் இடச் சொல்கின்றது. மற்றொன்று அடுப்புச் சாம்பலை அள்ளிப் போடச் சொல்கின்றது. ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு மண்ணுக்கு நன்மை தரக்கூடியதே. அது நம் மண்தானா என்ற வினாவை மட்டும் எவரும் எழுப்புவதில்லை.

எங்கள் வீட்டில் அந்த வினாவை எழுப்பியவர் உம்மா.

மர்ஹூம் வாப்பா நட்டுச் சென்ற எலுமிச்சை ஒன்று எங்கள் கொல்லையில் உண்டு. நோன்புக் காலத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளின் சர்பத்துக்கு அதன் காய்களே செல்லும். சில ஆண்டுகளுக்கு முன் அதன் தளிர்கள் வெளுக்கத் தொடங்கின. பூ உதிர்ந்தது, காய் சிறுத்தது. உறவினர் ஆளுக்கொரு யோசனை கூறினர். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த காக்கா எப்சம் உப்புப் பொட்டலத்தையே வாங்கி வந்துவிட்டார். அதைப் பிரிக்கும் முன் உம்மா கேட்டார்கள்: "நோயாளிக்கு மருந்து கொடுக்கிறதுக்கு முந்தி நாடி பார்க்க வேணாமா வாப்பா? இந்த மண்ணுக்கு என்ன குறைன்னு யாராவது பார்த்தீங்களா?" பொட்டலம் பிரிக்கப்படாமலேயே அலமாரிக்குச் சென்றது. நாங்கள் மண்ணை எடுத்துக்கொண்டு மாவட்ட மண் பரிசோதனை நிலையத்துக்குச் சென்றோம்.

மண் எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. காய்கறிப் பாத்தியாயின் மேலே கிடக்கும் சருகை அகற்றிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி பறித்து, அதன் பக்கவாட்டு மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். இவ்வாறு பல இடங்களில் எடுத்து ஒன்றாகக் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிக்கொண்டே வந்து, அரைக் கிலோ அளவுக்குக் குறைக்க வேண்டும். மர வகைகளுக்கு 1, 2, 3 அடி ஆழங்களில் தனித்தனியே மாதிரி எடுப்பது வழக்கம். எருக்குழியின் அருகிலும் வாய்க்கால் ஓரத்திலும் எடுத்தல் ஆகாது. ஈர மண்ணை நிழலில் உலர்த்த வேண்டும். இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்துகளையும் அறிய விரும்பினால் துருப்பிடித்த மண்வெட்டியைத் தவிர்த்து, மரக்கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ பயன்படுத்த வேண்டும். இல்லையேல் கருவியின் துருவே கணக்கில் ஏறிவிடும். உழவர்களுக்கென 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச்சத்து ஆகியவற்றுடன் தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என 12 அளவீடுகள் இடம்பெறுகின்றன. வீட்டுத் தோட்டத்தாரும் இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இவற்றுள் எவற்றைச் சோதித்துத் தருவீர்கள் என்று நிலையத்தில் கேட்டுப் பெறலாம்.

எங்களுக்குக் கிடைத்த முடிவு இதுவே: பி.எச். எனப்படும் கார அமில நிலை 8.3, கரிமச்சத்து குறைவு, மணிச்சத்து மிகுதி, இரும்புச்சத்து பற்றாக்குறை. மெக்னீசியத்துக்காக வாங்கிய எப்சம் உப்புக்கு அங்கே வேலையே இல்லை.

இதற்கான காரணம் எங்கள் ஊரின் மண்ணிலேயே இருக்கின்றது. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் என நம் மக்கள் செறிந்து வாழும் கடலோர ஊர்கள் பலவற்றில் மணலே மிகுதி. அந்த மணலோடு கிளிஞ்சல் துகளும் கலந்திருக்கும் இடங்கள் உண்டு. கிளிஞ்சல் என்பது சுண்ணாம்பே; முன்னோர் அதனைச் சுட்டு நீற்றித்தான் வீடு கட்டினர், வெள்ளையும் அடித்தனர். சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் இரும்பு இருந்தாலும் அது நீரில் கரையாத வடிவில் இறுகிக் கிடக்கும். வேர் அதனைத் தொட்டுக்கொண்டே இருக்கும், உறிஞ்ச இயலாது. போதாக்குறைக்குப் பல்லாண்டுகளாகக் கொல்லையில் புதைத்த மீன் கழிவாலும் எருவாலும் மணிச்சத்து குவிந்துவிட்டது. மணிச்சத்து மிகுந்தால் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைப்பது மேலும் தடைப்படும்.

இலையைப் படிக்கத் தெரிந்தவர்க்கு இவ்வேறுபாடு கண்ணுக்கே புலப்படும். மெக்னீசியம் செடிக்குள் இடம் பெயரக்கூடியது. ஆகவே அது குறையும்போது செடி முதிர்ந்த இலையிலிருந்து அதனை எடுத்துத் தளிருக்குக் கொடுத்துவிடும். அடியிலுள்ள பழைய இலைகளே முதலில் மஞ்சளாகும். இரும்பு அவ்வாறு எளிதில் இடம் பெயர்வதில்லை. ஆகவே அது குறையும்போது நுனித் தளிர் வெளுக்கும். நரம்புகள் மட்டும் பச்சை வலைபோலத் தெரியும். எங்கள் எலுமிச்சையில் வெளுத்தவை தளிர்களே. சூரா அல்ஹதீதில் இரும்பை இறக்கியருளியதாகவும், அதில் மனிதர்க்குப் பயன்கள் இருப்பதாகவும் அல்லாஹ் கூறுகின்றான். வாளையும் கலப்பையையும் நினைத்தே அதனை ஓதி வந்த எங்களுக்கு, ஒரு தளிரின் பசுமையும் அந்தப் பயன்களுள் ஒன்று என்பது அன்றுதான் உறைத்தது.

மருந்து எளியதாகவே இருந்தது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று வழங்கும் இரும்பு சல்பேட்டை, லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, சிறிது எலுமிச்சைச் சாறும் சேர்த்து, மாலை வேளையில் இலைகள் நனையத் தெளித்தோம். புளிப்பு சேர்ப்பது இரும்பு உடனே துருவாக மாறாமல் காப்பதற்காக. 15 நாள் இடைவெளியில் மும்முறை தெளித்தபின் புதுத்தளிர் பச்சையாக வந்தது, அல்ஹம்துலில்லாஹ். இலைக்குத் தெளிப்பது அவ்வப்போதைய தேவைக்கு மட்டுமே போதும். அன்னபேதியை நேரே கார மண்ணில் கொட்டினால் அதுவும் விரைவில் கரையாத வடிவுக்குப் போய்விடும். மட்கிய எருவுடன் கலந்து இட்டால் ஓரளவு நிலைக்கும். கடையில் விற்கும் இரும்புக் கூட்டுச்சேர்மம் வாங்குவோர் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். இ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் வலுவிழந்துவிடும், இ.டி.டி.எச்.ஏ. வகையே தாங்கும்.

மற்றக் கனிமங்களையும் இந்த நோக்கிலேயே பார்க்க வேண்டியிருக்கின்றது.

சுண்ணாம்பும் டோலமைட்டும் அமில மண்ணின் புளிப்பை மாற்றுவதற்கானவை; மலைப்பகுதித் தோட்டங்களுக்கு ஏற்றவை. கிளிஞ்சல் கலந்த கடலோர மணலில் அவற்றையோ முட்டையோட்டுத் தூளையோ சேர்ப்பது மீண்டும் சுண்ணாம்பையே சேர்ப்பதாகும். விறகுச் சாம்பலில் சாம்பல்சத்து உண்டு. கூடவே காரத்தையும் அது கூட்டும். யூரியாவுடனோ பச்சை எருவுடனோ சாம்பலைக் கலந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் கலந்து வீணாகும்.

ஜிப்சம் என்பது கால்சியமும் கந்தகமும் சேர்ந்தது. அது மண்ணின் காரத்தைச் சுண்ணாம்புபோல் உயர்த்தாது. நிலக்கடலைக்கு அது இன்றியமையாதது. தமிழகத்தில் எக்டருக்கு 400 கிலோ வீதம் மண் அணைக்கும்போது இடப் பரிந்துரைக்கின்றனர். சோடியம் மிகுந்து இறுகிப்போன களர் மண்ணில் அது சோடியத்தை வெளியேற்றும். அதற்குப் பின் நல்ல நீர் பாய்ச்சி வடியவிட வேண்டும். சோடியம் மிகுதி இல்லாத வெறும் மணலில் அதனால் பெரும் மாற்றம் ஏற்படாது.

தக்காளியின் அடி கறுத்து அழுகுவதைக் கண்டால் பலரும் எப்சம் உப்பை இடுகின்றனர். அந்நோய் காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். மெக்னீசியம் மிகுந்தால் கால்சியத்தை உறிஞ்சுவது இன்னும் தடைப்படும். சீராக நீர் விட்டாலே பாதி நோய் நீங்கும். மாடித் தோட்டத்தில் தென்னைநார்க் கழிவை மட்டும் நம்புவோர்க்கு நிலைமை வேறு. அதனைக் கழுவாமல் பயன்படுத்தினால் உப்பு தங்கும். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளும். அங்கே இவ்விரண்டும் சிறிதளவு தேவைப்படலாம்.

போராக்ஸ் தென்னைக்குப் பயன்படும் பொருள். ஆயினும் போரானில் பற்றாக்குறைக்கும் நஞ்சாவதற்கும் இடையிலுள்ள தொலைவு மிகச் சிறியது. ஒரு தென்னைக்கு 50 கிராம் அளவில் சொல்லப்படும் பொருளைச் சின்னஞ்சிறு தொட்டிச் செடிக்குக் கைநிறைய அள்ளிப் போட்டால் இலை ஓரம் கருகும். மீஸான் என்பதை விளக்க இதனினும் தெளிவான சான்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி கொடுத்தபின் எலும்பைக் கொல்லையில் புதைப்பது நம் வீடுகளில் பழக்கம். எலும்பு கால்சியமும் மணிச்சத்தும் நிறைந்தது. அமில மண்ணில் அது மெல்லக் கரையும். கார மண்ணில் அரிதாகவே கரையும். பாறைப் பாஸ்பேட்டுக்கும் இதே நிலைதான். எனவே உரமாகும் என்று கருதி எலும்பை வேரருகில் குவிப்பதைவிட, நாய்கள் தோண்டாத ஆழத்தில், மரத்துக்குச் சற்றுத் தள்ளிப் புதைப்பது நன்று. இரத்தம் கலந்த மண்ணில் விளைந்ததை உண்ணலாமா எனச் சிலர் ஐயுறுவர். நஜிஸான எரு இட்ட மண்ணில் விளைந்த காயும் கனியும் தூய்மையானவையே என்பது மார்க்க அறிஞர்களுள் பெரும்பான்மையோரின் கருத்து. மேலே ஒட்டியிருப்பதைக் கழுவிவிட்டு உண்ணலாம்.

எந்தக் கனிமத்தை இட்டாலும் அதனைப் பிடித்துவைக்க மண்ணில் மட்கு வேண்டும். மணலில் அது குறைவு. ஊற்றிய நீரும் இட்ட சத்தும் நேரே கீழே இறங்கிவிடும். ஆகவே மக்கிய தொழுவுரம், சருகு மட்கு, மண்புழு உரம் ஆகியவற்றையே நாங்கள் முதன்மையாகக் கொண்டோம். எரு இட்டும் கரிமச்சத்து குறைந்திருப்பதேன் என்று வியக்க வேண்டா. வெப்ப நாட்டு மணலில் மட்கு விரைவில் எரிந்துபோகும். ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மணிச்சத்து மிகுந்திருப்பதால் மீன் கழிவை நிறுத்திவிட்டுச் சருகு மட்கைக் கூட்டினோம். ஒளூச் செய்த நீரும் இப்போது வாய்க்கால் வழியே எலுமிச்சைக்குச் செல்கின்றது. ஒருமுறை ஒளூவுக்குப் பயன்பட்ட நீரால் மீண்டும் ஒளூச் செய்யலாகாது என்று ஷாஃபிஈ மத்ஹபினர் கொள்வோம்; மரத்துக்கு ஊற்றத் தடையேதுமில்லை. அதே வேளையில், நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து', அதாவது இரு கைகளும் நிறைய அள்ளும் அளவு நீரில் ஒளூச் செய்தார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மரத்துக்குத்தானே போகின்றது என்று குழாயைத் திறந்துவிடுவது முறையன்று. குடிநீர் சுத்திகரிப்புக் கருவி கழித்துவிடும் நீரோ உப்பு செறிந்தது. கடலோர மண்ணுக்கு அது வேண்டா.

இனி, எங்களை மிகவும் சிந்திக்க வைத்த செய்தி.

மணலில் இட்டது நேரே கீழே இறங்கும் என்றோம். கீழே என்ன இருக்கின்றது? நிலத்தடி நீர். எங்கள் கொல்லைச் சுவருக்கு அப்பால் சில அடிகளிலேயே பக்கத்து வீட்டு ராத்தாவின் கிணறு. அதே ஊற்றிலிருந்துதான் தெருக்கோடிப் பள்ளிவாசலின் ஹவ்ழுக்கும் நீர் எடுக்கின்றனர். யூரியாவோ அளவு மீறிய எருவோ மணலில் கரைந்தால் நைட்ரேட்டாக மாறிக் கிணற்றில் இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தல் ஆகாது என்பது இந்தியத் தர அளவு. அதனைக் கொதிக்க வைத்தாலும் நீங்காது. நீர் சுண்டச் சுண்டச் செறிவே கூடும். கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கும். உடல் நீலம் பாரிக்கும். அந்த ஆண்டு ராத்தாவின் மகளுக்குப் பேறுகாலம். பிறந்த குழந்தைக்குப் பால்மாவு கரைக்க அந்தக் கிணற்று நீரே பயன்பட்டது.

எங்கள் கீரைப் பாத்தி அந்தச் சுவரை ஒட்டியே இருந்தது. வெயில் நன்கு விழும் இடமும் அதுவே. வேறிடத்துக்கு மாற்றினால் விளைச்சல் குறையும் என்று வீட்டில் தயக்கம் இருந்தது. தீங்கிழைத்தலும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்ற கருத்துடைய நபிமொழி ஃபிக்ஹுச் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக விளங்குகின்றது. அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கின்றோம். உரச் சாக்கைக் கையில் ஏந்தி நிற்கும்போது அது நினைவுக்கு வரவேண்டும் அல்லவா? பாத்தியை மறுபக்கத்துக்கு மாற்றினோம். யூரியாவை அறவே விட்டோம். எருவையும் ஒரே தடவையில் கொட்டாமல் சிறுகச் சிறுக இடுகின்றோம். கீரை முன்னைவிடக் குறைவாகவே வருகின்றது. மனம் அமைதியாக இருக்கின்றது.

வீண்விரயம் பற்றியும் ஒரு சொல். பொட்டலத்தில் வரும் கனிமம் எங்கோ ஒரு நிலத்திலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. உலகின் பாறைப் பாஸ்பேட் இருப்பில் மிகப் பெரும் பங்கு மொராக்கோவில் இருக்கின்றது. இலங்கையின் எப்பாவலையிலும் ஒரு படிவு உண்டு. பொட்டாஷ் கனடாவிலும் ரஷ்யாவிலும் பண்டைக் கடல் வற்றிய படுகைகளிலிருந்து வருகின்றது. ஜோர்டானில் சாக்கடல் நீரிலிருந்து எடுக்கின்றனர். இவை மீண்டும் முளைப்பவை அல்ல. தேவையற்ற மண்ணில் கொட்டியது ஒரு தலைமுறையின் சொத்தைச் சாக்கடையில் விட்டதற்கு ஒப்பாகும். சூரா அல்அன்ஆமில் பந்தல் தோட்டங்களையும் பேரீச்சையையும் மாதுளையையும் பேசும் வசனம், அறுவடை நாளில் அதன் உரிமையைக் கொடுத்துவிடுமாறு கட்டளையிட்டு, வீண்விரயம் செய்யாதீர்கள் என்றே நிறைவுறுகின்றது.

இவற்றையெல்லாம் ஆராய்வது தவக்குலுக்கு மாறானது என்று எவரும் கருத வேண்டா. மதீனாவில் பேரீச்சை மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பது பற்றிய நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. உலக வாழ்வின் இத்தகைய துறைகளில் அனுபவமும் அறிவும் உடையோரின் சொல்லுக்கு இடமுண்டு என்பதை அதிலிருந்து அறிஞர்கள் விளக்குகின்றனர். அந்த வழியில்தான் நம் முன்னோர் நடந்தனர். 11ஆம் நூற்றாண்டில் அந்தலூஸின் தொலைதோ நகரில் வாழ்ந்த இப்னு பஸ்ஸால் மண்ணைப் பத்து வகையாகப் பகுத்தார். 12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியாவைச் சேர்ந்த இப்னுல் அவ்வாம் தம் 'கிதாபுல் ஃபிலாஹா'வில் மண்ணின் நன்மை தீமையை அறிவதையே வேளாண்மையின் முதற்படியாக வைத்தார். உம்மா கேட்ட நாடி பார்க்கும் கேள்வியும் அந்த மரபைச் சேர்ந்ததே.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்தில் அனஸ் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. வாப்பா மறைந்தபின்னும் அந்த எலுமிச்சையின் காய் தெருவில் பிறர் கைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் அதன் கூலி அவர்களைச் சென்றடையும் என்பது எங்கள் நம்பிக்கை. அந்த மரத்தைக் காப்பது அவர்களின் ஸதகாவைக் காப்பதாகும். அதற்காக இன்னொரு வீட்டின் கிணற்றைக் கெடுத்தால் அந்த ஸதகாவில் என்ன பரக்கத் இருக்கும்?

எனவே அன்புச் சொந்தங்களே, அடுத்த பொட்டலத்தைப் பிரிக்கும் முன் மூன்றை மட்டும் செய்வோம். மண்ணைச் சோதித்து அறிவோம். தேவையானதை மட்டும், சொன்ன அளவில் இடுவோம். கீழே இறங்குவது யாருடைய நீரில் கலக்கும் என்பதை எண்ணிப் பார்ப்போம். முளைக்கச் செய்பவன் அவனே. அவன் ஒப்படைத்த மண்ணில் தராசைச் சரியாகப் பிடிப்பதே நம் பொறுப்பு.

வல்ல ரஹ்மான் நம் வீடுகளிலும் தோட்டங்களிலும் பரக்கத் செய்வானாக. நமக்கு முன் மரம் நட்டுச் சென்றவர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவானாக. நம் அண்டை வீட்டார் நம் கைகளால் நன்மையை மட்டுமே அடையச் செய்வானாக. ஆமீன்.